பேரிமரத்தடிச் சுரங்கம்

சனிக்கிழமை. விடியற்காலை பெய்து ஓய்ந்திருந்தது.
நெரிஸின் தோட்டத்தில் தண்டவாளம் துடைப்பது
என் வேலை.
பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு
மூன்று விரல் அகலப் பாதை நெடுக
நத்தைகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தபடி போவேன்.
சில கேட்கும்.
கேட்காதவற்றைத் தூக்கி
முட்டைக்கோசுப் பக்கம் விடுவேன்,
நெரிஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது.

டவி ஆறு கீழே எங்கோ
செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருக்கிறது.
இங்கே எங்களுக்கு ஒரு குளம், அதன்மேல் ஒரு பாலம்,
பாலம் தாண்டினால் ஹைட்ரேஞ்சாப் புதர்,
அப்புறம் பேரிமரத்தடியில் சுரங்கம்.
மால்ட்வின் ஸ்லேட் கல் அடுக்கிக் கட்டியது,
எம்ரிஸ் சாந்து பூசியது,
இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது.

மே மாதம் நடந்தது இவ்வளவுதான்:
ஊதினேன் என்றார் மால்ட்வின்.
கேட்கவில்லை என்றார் எம்ரிஸ்.
ஒற்றைப் பாதையில் இரண்டு எஞ்சின்கள்
முட்டிக்கொண்டதில்
பித்தளைப் புகைபோக்கி ஒன்று குளத்தில் விழுந்தது.
மீன்குஞ்சுகள் இப்போது
அதற்குள் புகுந்து புகுந்து வருகின்றன.
அன்றிலிருந்து
இவர் சொல்வதை அவருக்கும்
அவர் சொல்வதை இவருக்கும்
நான்தான் சொல்கிறேன்,
இருவருக்கும் நடுவில், இரண்டடி தள்ளி நின்று.
“பத்து நாற்பது கிளம்பப்போகிறதாம்.”
“கிளம்பட்டுமாம்.”

இன்று பத்து நாற்பது எம்ரிஸினுடையது.
ஊசிக்குழாயால் கொதிகலனுக்குத் தண்ணீர்,
லைட்டருக்கு அடைக்கிற வாயு,
கெட்டி எண்ணெய் கொஞ்சம்.
நெருப்பைக் காட்டியதும் பொப்பென்று பிடித்தது.
பிறகு காத்திருப்பு.
இதற்குத்தான் வருகிறோமோ என்னவோ,
நான்கு பெரியவர்கள் குந்தி உட்கார்ந்து
சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில்
ஒரு முள் நாற்பதைத் தொடுகிறதா என்று பார்க்க.

தொட்டது. போனது.
மூன்று பெட்டிகள்.
கடைசிப் பெட்டியில் ஓர் இஞ்சி பிஸ்கட்,
அடுத்த நிலையத்தில் கொடி பிடித்து நிற்கும் எனக்கு,
நெரிஸ் அனுப்பியது.
பாலத்தில் சக்கரம் வழுக்கியது, சமாளித்தது,
புதரைச் சுற்றிக்கொண்டு
வெள்ளைப் புகையோடு சுரங்கத்துக்குள் நுழைந்தது.

வெளியே வந்தது எஞ்சின் மட்டும்.
பாரம் விட்ட கன்றுக்குட்டி மாதிரி
என்னைக் கடந்து ஓடியே போய்விட்டது.
நெரிஸ் துரத்தினாள்.

பெட்டிகள் வரவில்லை.
எம்ரிஸ் இந்த வாயில் குப்புறப் படுத்தார்.
யாரும் கேட்காமலே
மால்ட்வின் அந்த வாயில் குப்புறப் படுத்தார்.
இருவரும் தோள்வரை கையை விட்டு
ஈரப்புல்லில் கன்னம் பதித்து
எதிரெதிர்த் திசையில் கிடந்தார்கள்.
நடுவில் நான்,
சொல்ல எதுவும் தராமல்.

“குளிர்ச்சியாய் ஏதோ தட்டுப்படுகிறது,” என்றார் மால்ட்வின்.
“வழவழவென்று. தேரை.
சொல் அவரிடம், தேரை உட்கார்ந்திருக்கிறது.”
நான் வாயைத் திறப்பதற்குள்
சுரங்கமே பேசியது,
ஸ்லேட்டில் மோதி, கொஞ்சம் பருமனாகி:
“அது என் விரல்.”

யாரும் சிரிக்கவில்லை.
கையை எடுக்கவும் இல்லை, உடனே.
பேரிமரம் இரண்டு சொட்டு உதிர்த்தது.

தேரையும் இருந்தது, பிற்பாடு.
கல்லுக்குள் இருந்தால் படியளப்பான் என்று
யாரோ நம்பவைத்த முகத்தோடு
இரண்டாம் பெட்டிக்கு முன்னால்,
தண்டவாளம் தனக்குப் போட்ட பாய் என.
எம்ரிஸ் தள்ள, மால்ட்வின் உள்ளங்கையில் வாங்க
வெளிச்சத்துக்கு வந்து
எங்கள் எல்லோர்மீதும் மூத்திரம் பெய்தது.

எஞ்சினைத் துண்டில் சுற்றி நெரிஸ் கொண்டுவந்தபோது
அவர்கள் ஆரம்பித்திருந்தார்கள்.
“ஊதினேன்.”
“ஊதவில்லை.”
“இரண்டு தடவை ஊதினேன், எம்ரிஸ்!”
நேருக்கு நேர், முழங்காலெல்லாம் சேறு.

எனக்கு வேலை போயிற்று.
பிஸ்கட் நமுத்திருந்தது.
தின்றுகொண்டே
பதினொன்று ஐந்துக்குப் பாதையைத் துடைத்தேன்.